இரண்டடி கீழே

என் மேசைக்கு அந்த ஆண்டு வந்த கோப்புகளில்
மிகச் சிறிய தொகை அதுதான்.
நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.
கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டை ஒட்டிய பள்ளி.
எல்.கே.ஜி. வகுப்புக்கு வெளியே
கை கழுவும் குழாயை இரண்டடி இறக்கித் தர வேண்டும்.
கீழே பியூலா ராணி என்று கையெழுத்து.
பாதியில் மை தீர்ந்து
வேறு நிறத்தில் முடிந்திருந்தது.

எந்தத் தலைப்பில் போடுவது என்றார் கணக்கர்.
பராமரிப்பு என்றால்
குழாய் பழுதாகவில்லையே.
புதுப்பணி என்றால்
குழாய்தான் ஏற்கெனவே இருக்கிறதே.
கல்வி நிதி என்றால்
மூன்று வயதில் நடப்பது படிப்பா, பிள்ளை பார்த்துக்கொள்வதா?
சமூக நலத்துக்குத் தள்ளிவிட்டோம்.
சுவர் எங்களுடையதல்ல என்று எழுதினார்கள்.
பிள்ளை உங்களுடையது என்று எழுதினோம்.
கோப்பு தடித்தது.

மூன்றாம் முறை திரும்பி வந்தபோது
நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.
கேட் மூடியிருந்தது.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ரயில்.
பைக்கை அணைத்துவிட்டு எண்ணினேன், ஐம்பத்தெட்டு.
ஒவ்வொன்றிலும் எத்தனை லட்சமோ.
ஒன்றுகூடத்
தலைப்பில்லாமல் வழியில் நிற்கவில்லை.

பள்ளிச் சுவருக்கு உள்ளேயும் யாரோ எண்ணுகிற சத்தம்.
இருபத்தெட்டு குரல்கள், ஒரே இழுவையில்.
இருபது வரை சரியாக வந்தது.
அதற்கு மேல் எல்லாம்
நெறைய, நெறைய, நெறைய.
நானும் அப்படித்தான்
பட்ஜெட் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்கிறேன்.

குழாயடியில் ஒரு மீன்பெட்டி, நீல பிளாஸ்டிக்,
கவிழ்த்துப் போட்டிருந்தது.
கழுவிக் கழுவியும் காசிமேடு போகவில்லை அதிலிருந்து.
ஒருத்தி மேலே ஏற
பின்னால் நிற்பவன் அவள் சட்டையைப் பிடித்துக்கொள்கிறான்.
அப்புறம் அவன் ஏற, இவள் பிடிக்கிறாள்.
"பைப்பு எட்ல சார்" என்றாள் ரிஃபானா,
புகாராக அல்ல, தகவலாக.

ஆயா பணியிடம் காலி.
டீச்சருக்குப் பதினொரு மாத ஒப்பந்தம்.
"காலைல மொதப் பாடமே இதுதான் சார்,
தண்ணியத் தொறக்கறது, மூடறது.
மூடறதுதான் கஷ்டம்" என்றார்.
எழுதிக்கொண்டேன்.
அதை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எழுதியது வேறு.
சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.
'இருப்புப் பதிவேட்டில் இல்லாத பொருள்:
மீன்பெட்டி ஒன்று, நீலம். விளக்கம் தேவை.'
இருபத்தியிரண்டு வருஷப் பழக்கம்,
கை தானாக எழுதிவிடுகிறது.

விளக்கம் ஒரே வாரத்தில் வந்தது, இந்த முறை முழுக்க ஒரே மை.
'மேற்படிப் பெட்டி, குழாய்க்கும் குழந்தைக்கும்
உள்ள வித்தியாசத் தொகை.
வழங்கியவர் தேசம்மா, மீன் வியாபாரம்.
கடனாகப் பெறப்பட்டது.
மாநகராட்சி எப்போது திருப்பித் தரும் என்று
அவர் கேட்கிறார்.'
கணக்கர் இரண்டு முறை படித்தார்.
டீ ஆறிப்போனது.

குழாய் இறங்கியது மார்ச் இருபத்தொன்பதாம் தேதி.
கருணையால் அல்ல,
செலவழியாத பணம் திரும்பிப் போய்விடுமே என்ற பயத்தால்.
பில்லில் இரண்டடி.
பிளம்பர் முழம் போட்டு இறக்கியது ஒன்றேமுக்கால்.

பணிமுடிப்புச் சான்று எழுதப் போனவன்
கை கழுவக் குனிந்தேன்.
இடுப்பு வலித்தது. சட்டைப்பையிலிருந்து பேனா
தொட்டிக்குள் விழுந்தது.
துழாவி எடுத்து நிமிர்ந்தால்
பக்கத்தில் ரிஃபானா நிற்கிறாள்.
"நல்லா மூடு சார்."

மூடினேன்.

பெட்டி தேசம்மாவிடம் திரும்பவில்லை.
அது இப்போது ஜன்னலுக்குக் கீழே.
ரயில் வந்தால் ஏறி நின்று எண்ணுகிறார்கள்,
ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி.
ஜன்னலை இறக்கச் சொல்லி
யாரும் இன்னும் மனு எழுதவில்லை.
எழுதினால் எந்தத் தலைப்பு என்று
கேட் திறக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.